‘படை எதற்கு?’ என்று கேட்ட சபை

மேட்டூர் அணையைக் கட்டி முடிக்க 4 கோடியே 80 லட்சம் ரூபாய் ஆனது. 1925 ஜூலையில் தொடங்கிய வேலை 1934-ல் முடிந்து, அந்த ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அந்த வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியாவின் ராணுவச் செலவு என்னவாக இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 கோடி ரூபாயாக இருந்தது, 1922-23 வரவுசெலவுத் திட்டத்தில் 67 கோடியைத் தாண்டியது. செலவைக் குறைக்க வழி சொல்லும்படி அமைக்கப்பட்ட இஞ்ச்கேப் பிரபுவின் குழு, அடுத்த ஆண்டுக்கு 57 கோடியே 75 லட்சம் போதும், போகப்போக 50 கோடிக்குள் கொண்டுவரலாம் என்றது. சிக்கனக் குழுவே தாராளமாக அனுமதித்த அந்த ஓராண்டுத் தொகையில் பன்னிரண்டு மேட்டூர் அணைகள் அடங்கும். மேச்சேரி, அணைக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்தும் காவிரித் தண்ணீர் ஏறாத மேட்டுக்காடு. மழையை நம்பி நிலக்கடலையும் சோளமும் போட்டு, மீதிக்கு ஆட்டை நம்பிய ஊர். ஊர்ப் பெயரையே தாங்கிய மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் ஆலைகளில் தனி மதிப்பு உண்டு. இந்த ஊரும் கட்டிய வரியில் எது படைக்குப் போனது, எதற்காகப் போனது, அதைக் கேட்க யாருக்கு உரிமை இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை.

இரண்டு தொகைகளையும் இப்படி ஒப்பிடுவது சரியா என்ற ஆட்சேபம் உடனே வரும். அணையைக் கட்டியது சென்னை மாகாணம், ராணுவத்தை வைத்திருந்தது தில்லி, இரண்டும் வேறுவேறு கஜானா. அணை தள்ளிப்போனதற்குப் பணம் மட்டும் காரணமும் இல்லை. மைசூர் சமஸ்தானத்தோடு இருந்த காவிரி வழக்கு 1924 பிப்ரவரி ஒப்பந்தத்தில்தான் தீர்ந்தது. இந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கஜானாக்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. 1919-ன் சீர்திருத்தத்தில் மாகாணங்களுக்கும் மத்திய அரசுக்கும் வருவாயைப் பிரித்தபோது, மத்திய அரசின் பற்றாக்குறையை ஈடுகட்ட மாகாணங்கள் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்று மெஸ்டன் குழு தீர்ப்புச் சொன்னது. மொத்தம் 9 கோடியே 83 லட்சம். அதில் சென்னை மாகாணத்தின் பங்கு மட்டும் 3 கோடியே 48 லட்சம். எந்த மாகாணத்தின் மேலும் இவ்வளவு சுமை ஏற்றப்படவில்லை. வங்காளத்துக்கு 63 லட்சம், பம்பாய்க்கு 56 லட்சம். சென்னை ஒன்றரை ஆண்டில் தில்லிக்குக் கட்டிய பணத்தில் ஒரு மேட்டூர் அணை எழும்பியிருக்கும். தில்லியின் செலவில் மிகப் பெரிய இனம் ராணுவம். ஆகவே சேலம் மாவட்டத்துக் குடியானவர் கட்டிய வரிக்கும் வடமேற்கு எல்லையில் வசீரிஸ்தானத்தில் வெடித்த பீரங்கிக்கும் இருந்த தொடர்பு, எழுத்தில் உள்ள கணக்கு.

அந்தக் கணக்கைத் தட்டிக்கேட்க ஒரு சபை இருந்தது. 1921-ல் கூடிய மத்திய சட்டசபையில் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சேலம் மாவட்டம், கோயம்புத்தூரோடும் வடஆற்காட்டோடும் சேர்ந்து ஒரே தொகுதியாக அந்தச் சபைக்கு உறுப்பினரை அனுப்பியது. ஆனால் இந்திய அரசுச் சட்டத்தில் 67ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. அரசின் செலவு இனங்களை மானியக் கோரிக்கைகளாகச் சபையின் முன் வைக்க வேண்டும், சபை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம் என்று அது தொடங்கும். படித்தால் சுயாட்சி வந்துவிட்டதுபோல இருக்கும். அடுத்து விலக்குகள் வரும். கடன் வட்டி, மன்னர் நியமித்த அதிகாரிகளின் சம்பளம், கிறிஸ்தவ தேவாலயத் துறை, அரசியல் துறை, கடைசியில் பாதுகாப்பு. இவற்றின் மேல் வாக்கெடுப்பு கிடையாது. கவர்னர் ஜெனரல் மனமுவந்து அனுமதித்தாலொழிய விவாதமும் கிடையாது. எந்தச் செலவு விலக்கு, எது விலக்கில்லை என்று சந்தேகம் வந்தால் அவர் சொல்வதே முடிவு. தபால் துறைக்கு எவ்வளவு என்று சபை வாக்களிக்கலாம், படைக்கு எவ்வளவு என்று வாக்களிக்க முடியாது. வருவாயில் பெரும் பங்கை ராணுவம் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதைப் பற்றிப் பேசுவதற்குத்தான் தேர்தல் நடந்தது.

இதன் விளைவு 1923 மார்ச்சில் நேராகவே சமையலறைக்கு வந்தது. பற்றாக்குறையை அடைக்க நிதி உறுப்பினர் பேசில் பிளாக்கெட் உப்பு வரியை இரட்டிப்பாக்கச் சொன்னார். சுமார் 37 கிலோ எடையுள்ள ஒரு மவுண்டுக்கு 1 ரூபாய் 4 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணாவாக வேண்டும். படைச்செலவைத் தொட முடியாத சபை, கைக்கு எட்டிய வரியைத் தொட்டது. கூட்ட முடியாது என்று மறுத்தது. வைஸ்ராய் ரீடிங், சட்டம் கொடுத்த தனி அதிகாரத்தால் சான்றளித்து அதே வரியை அமலுக்குக் கொண்டுவந்தார். கஞ்சிக்குப் போடும் உப்பு, தோலைக் கெடாமல் காக்கும் உப்பு, எல்லாமே அந்த ஆண்டு வரி கூடிய உப்பு. மறு ஆண்டு வரி பழைய நிலைக்கு இறங்கியது. அதே 1924-ல் மோதிலால் நேருவின் தலைமையில் சபை முக்கியமான மானியக் கோரிக்கைகளையும் நிதி மசோதாவையுமே தள்ளிவிட்டது. அதையும் வைஸ்ராய் சான்றளித்து நிறைவேற்றிக்கொண்டார். செலவை மறுக்க முடியாதவர்களுக்கு வரியை மறுக்கும் உரிமை மட்டும் இருந்தால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் முழுசாகத் தெரிந்துவிட்டது.

இந்தியச் சபைக்கு அதிகாரம் இல்லாவிட்டால் என்ன, லண்டனில் நாடாளுமன்றம் இருந்ததே, உலகிலேயே பழக்கப்பட்ட சபை அது, இந்தியா மந்திரி அதற்குத்தானே பதில் சொன்னார் என்பது ஆங்கில அரசு கடைசிவரை சொன்ன சமாதானம். இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1858-ல் கம்பெனியிடமிருந்து ஆட்சியை முடியரசு எடுத்துக்கொண்டபோது, அந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு ஒரு வேலி போட்டது. படையெடுப்பைத் தடுப்பது, திடீர் அவசரம் ஆகியவை தவிர, இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கு இந்திய வருவாயைச் செலவிட வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். நல்ல நோக்கத்தோடு எழுதிய சொற்கள்தான். நடப்பில், இந்தியாவின் பணத்தைக் காப்பதற்கான அந்தப் பிரிவே அதை எடுப்பதற்கான வாசலாகிப்போனது. 1867-ல் அபிசீனியாவில் எத்தியோப்பிய மன்னர் தியோடர் சிறைவைத்த ஐரோப்பியரை மீட்கப் படை போனது. இந்தியாவுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் போன இந்தியப் படைகளின் வழக்கமான சம்பளத்தை இந்தியாவே கொடுக்கட்டும் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. ஊரில் இருந்தாலும் அந்தச் சம்பளத்தைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்பது வாதம். அப்படியானால் அந்தப் படை ஊரில் தேவையில்லாத படை என்றல்லவா ஆகிறது என்ற எதிர்வாதம் அன்றே எழுந்தது, தோற்றது. கண்பார்வை இழந்த பொருளாதாரப் பேராசிரியர் ஹென்றி ஃபாசெட் போன்ற ஒருசிலர் விடாமல் எதிர்த்துப் பேசினார்கள். துருக்கி சுல்தானுக்கு லண்டனில் கொடுத்த நடன விருந்தின் செலவை இந்தியாவின் தலையில் கட்டியதையும் அவர்தான் கேள்வி கேட்டார். அவரை ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்று அழைத்தார்கள். அறுநூறுக்கு மேற்பட்டோர் அமர்ந்த சபையில் ஒருவருக்கு அப்படி ஒரு பட்டம் கிடைத்தது என்றால் மற்றவர்கள் யாருடைய உறுப்பினர்கள் என்பது விளங்கும்.

1878-ல் ஆப்கன் போர். டிசம்பரில் இரு அவைகளும் கூடி அந்தச் செலவை இந்திய வருவாயில் எழுத ஒப்புதல் தந்தன. அந்த நேரத்தில் சேலம் மாவட்டம் எப்படி இருந்தது? தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல் இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881-ல் 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. பத்தாண்டில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்தது. பஞ்சக் காப்புக்கு என்று சொல்லி வரி போட்டுவிட்டு அந்தப் பணத்தைக் காபூல் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு லண்டன் சபையிலேயே எழுந்தது. போரே பஞ்சத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. நிலம் தரிசாகக் கிடந்தாலும் கிடக்காவிட்டாலும் மாறாத ஒரு செலவை, அந்த மாவட்டத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் கை தூக்கி நிறைவேற்றினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். பின்னால் ஆட்சிக்கு வந்த கிளாட்ஸ்டன், அந்தப் போர்ச் செலவில் 50 லட்சம் பவுனைப் பிரிட்டன் ஏற்கும்படி செய்தார். ஆட்சி மாறியதால் கிடைத்த இரக்கம் அது. தம் உரிமை என்று இந்தியர் எவரும் அதைக் கேட்டு வாங்கவில்லை, கேட்கும் இடமும் அவர்களுக்கு இல்லை.

லண்டன் சபையின் மேற்பார்வை ஏன் இப்படி ஆனது என்பதற்கு அதன் உறுப்பினர்களின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்திய வரவுசெலவுக் கணக்கு கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், பெரும்பாலும் ஆகஸ்டில், காலி இருக்கைகளுக்கு முன்னால் படிக்கப்படும். இந்தியா மந்திரியின் சம்பளமே 1919 வரை இந்தியப் பணத்திலிருந்து போனது. ஓர் அமைச்சரைக் கண்டிக்க நாடாளுமன்றத்துக்கு இருக்கும் பழைய கருவி அவர் சம்பளத்தில் ஒரு வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவது. இந்தியா மந்திரியின் விஷயத்தில் அந்தக் கருவிக்கே இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தியாவின் மேல் ஏற்றிய ஒவ்வொரு பவுனும் ஆங்கில வாக்காளரின் மேல் ஏறாத பவுன். மிச்சமாகும் பணத்தைத் தடுத்து நிறுத்தும்படி எந்தத் தொகுதியும் தன் உறுப்பினரைக் கேட்காது. அதே சபை விழித்துக்கொண்டு விசாரித்த சந்தர்ப்பமும் உண்டு. 1916-ல் மெசபடோமியாவில் குட் நகரம் விழுந்து, மருத்துவ ஏற்பாடே இல்லாமல் காயம்பட்டோர் படகுகளில் அழுகிக் கிடந்த செய்தி வந்தபோது, விசாரணைக் குழு அமைத்தார்கள். 1917-ல் ஆஸ்டன் சேம்பர்லேன் இந்தியா மந்திரி பதவியிலிருந்து விலகினார். ஆங்கிலத் தாய்மார்களின் பிள்ளைகள் அங்கே செத்தார்கள், சபை கேட்டது. சபைக்குத் திறமை இருந்தது. யாருக்காகக் கேட்பது என்பதைத் தொகுதி தீர்மானித்தது.

1895-ல் வெல்பி பிரபுவின் தலைமையில் இந்தியச் செலவை ஆராய ஓர் அரச ஆணைக்குழு அமைந்தது. தாதாபாய் நவுரோஜி அதில் உறுப்பினர். 1897-ல் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரோடு சென்னையிலிருந்து கப்பலேறிப்போய் சாட்சியம் சொன்னவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ‘தி ஹிந்து’வையும் ‘சுதேசமித்திர’னையும் நிறுவியவர். வரிகட்டும் நாட்டின் ஆட்கள் தம் கணக்கைப் பற்றிச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லலாம், தீர்ப்பு எழுதும் மேசையில் நவுரோஜி ஒருவரைத் தவிர அவர்களுக்கு வாக்கு இல்லை. நவுரோஜியும் சக உறுப்பினர்களான வெட்டர்பர்னும் கெய்னும் தனி அறிக்கை எழுதிப் பிரிந்தார்கள்.

குடியேற்ற நாடுகள் எல்லாவற்றிலும் இந்தப் பூசல் நடந்திருக்கிறது. இலங்கையில் 1864-ல், தீவின் படைச்செலவை உள்ளூர் வருவாயின் மேல் ஏற்றியதை எதிர்த்துச் சட்டசபையின் அதிகாரி அல்லாத உறுப்பினர்கள் பதவியை விட்டு விலகினார்கள், மறு ஆண்டு இலங்கைச் சங்கம் பிறந்தது. சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1890-ல் படைக்கான பங்குப் பணத்தை லண்டன் இரட்டிப்பாக்கியது, ஐந்தாண்டு இழுபறிக்குப் பின் 1895-ல் அங்கும் உறுப்பினர்கள் விலகினார்கள். இந்த இரண்டு இடத்திலும் விலகியவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வணிகர்கள். தேசபக்தி குறைந்தவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்டது இதைத்தான்: இந்தப் படை எங்களைக் காக்கவா, பேரரசின் கடல்வழியைக் காக்கவா? பேரரசைக் காக்க என்றால் பேரரசு கட்டட்டும்.

இந்தக் கேள்வியை மிகத் தெளிவாக, சட்ட வாசகமாகவே எழுதி மேசையில் வைத்தவர் ஒரு தமிழர். தஞ்சை மண்ணில் பிறந்து சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த பி. எஸ். சிவசாமி ஐயர். காங்கிரஸ்காரர் அல்லர், மிதவாதி. சிறைக்குப் போனவர்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் நம் வழக்கத்தில் இவர் பெயர் பள்ளிப் பலகைகளோடு நின்றுவிட்டது, இது நமக்கு நட்டம். போருக்குப் பின் எஷர் பிரபுவின் குழு, இந்திய ராணுவத்தைப் பேரரசின் மொத்தப் படையின் ஓர் அங்கமாகவே கருத வேண்டும் என்ற போக்கில் அறிக்கை கொடுத்தது. அதைப் படித்த சிவசாமி ஐயர், 1921 மார்ச்சில் சபையின் முன் பதினைந்து தீர்மானங்களை வைத்தார். முதல் தீர்மானத்தின் சாரம்: இந்தியாவிலுள்ள ராணுவத்தின் நோக்கம், வெளியார் தாக்குதலிலிருந்து இந்தியாவைக் காப்பதும் உள்நாட்டு அமைதியைக் காப்பதும். அதற்கு மேல் பேரரசுக்காக ஏதேனும் கடமை இருக்குமானால், கனடா, ஆஸ்திரேலியா போன்ற தன்னாட்சி நாடுகளுக்கு எவ்வளவு உண்டோ அதற்கு மேல் இந்தியாவுக்கு இருக்கக் கூடாது. மற்றொரு தீர்மானம், அதிகாரி பதவிக்கான மன்னர் நியமனங்களில் தொடக்கத்திலேயே குறைந்தது நூற்றுக்கு 25 இந்தியருக்குத் தர வேண்டும் என்றது. படைச்செலவில் ஒரு ரூபாயைக்கூட வெட்ட உரிமை இல்லாத சபை அது. ஆனால் எவ்வளவு என்ற கேள்வியை விட்டு எதற்கு என்ற கேள்விக்குப் போனது. நோக்கம் எழுத்தில் உறுதியானால் தொகை தானாகவே வழக்குக்கு வரும் என்பதை அந்த வழக்கறிஞர் அறிந்திருந்தார். இதைத்தான் நான் மேற்பார்வையின் உயிர் என்று கருதுகிறேன். விலையைப் பேரம் பேசுவது கணக்கரும் செய்யும் வேலை. இந்தப் படை யாருடைய பகைக்காக நிற்கிறது என்று கேட்பது ஒரு மக்கள் சபையால் மட்டுமே முடியும்.

சபையின் தீர்மானங்கள் வெறும் சிபாரிசுகள். பலன் என்ன என்று கேட்பார்கள். உடனடிப் பலன் சொற்பம். நூற்றுக்கு 25 கேட்டதற்கு, 1923-ல் இந்தியாவின் தலைமைப் படைத்தளபதி ராலின்சன் எட்டே எட்டுப் படைப்பிரிவுகளை மட்டும் இந்திய அதிகாரிகளுக்கு என்று ஒதுக்கினார். இந்தியரின் கீழ் ஆங்கிலேயர் வேலை செய்ய நேராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் 1921-ல் எழுதிவைத்த வாசகம் ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் விவாதத்தில் திரும்பத் திரும்ப வந்தது. இங்கே பணிக்கு வரும் ஒவ்வொரு ஆங்கிலச் சிப்பாயையும் இங்கிலாந்தில் சேர்த்துப் பயிற்றுவித்த செலவை இந்தியா தலைக்கு இவ்வளவு என்று கட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தகராறு 1932-ல் காரன் தீர்ப்பாயத்துக்குப் போனது. அதன் பின் 1933 முதல் பிரிட்டன் ஆண்டுக்கு 15 லட்சம் பவுன் இந்தியப் படைச்செலவுக்குக் கொடுத்தது. இந்திய ராணுவம் இந்தியாவுக்காக மட்டும் இல்லை என்பதைப் பணமாகவே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. வாக்கில்லாத சபை பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டதற்கும் இதில் பங்கு உண்டு.

படை விஷயம் ரகசியம், சபையில் பேசினால் பகைவன் காதுக்குப் போகும் என்பது அன்றும் சொன்ன, இன்றும் சொல்லும் ஆட்சேபம். இதில் பாதி உண்மை. எந்தக் கணவாயில் எத்தனை பீரங்கி என்று எந்தச் சபையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் 1689-லிருந்து ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் என்ன செய்தார்கள்? நாடாளுமன்றத்தின் இசைவில்லாமல் அமைதிக் காலத்தில் நிலைப்படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்று எழுதிவைத்தார்கள். ஆண்டுதோறும் எத்தனை ஆட்கள், எவ்வளவு பணம் என்று வாக்கெடுத்தார்கள். நெப்போலியனோடு போர் நடந்த ஆண்டுகளிலும் அந்த வழக்கத்தை விடவில்லை, அதனால் அவர்கள் தோற்கவும் இல்லை. தமக்குப் பாதுகாப்பு என்று கருதிய ஒரு வழக்கத்தையே இந்தியாவில் ஆபத்து என்றார்கள். இந்திய உறுப்பினர்களுக்குப் படை நுட்பம் தெரியாது என்பதும், பத்து லட்சம் பேருக்குக்கூட வாக்கில்லாத தேர்தலில் வந்தவர்கள் மக்களின் பிரதிநிதிகள் ஆவார்களா என்பதும் கூடவே வந்த ஆட்சேபங்கள். முதலாவதுக்குச் சிவசாமி ஐயரே பதில். எஷர் அறிக்கையை அவரைப் போல வரிவரியாகப் பிரித்தவர்கள் ராணுவத் தலைமையகத்திலும் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது நியாயமான குறை, ஆனால் வாக்குரிமையைக் குறுக்கி வைத்தவர்களே அதைச் சொன்னார்கள்.

கேள்வி கேட்கப்படாத படை பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை, பார்க்க வேண்டிய திசையையும் தவறவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்திய ராணுவத்தின் கண் வடமேற்குக் கணவாய்களின் மேல் இருந்தது. ரஷ்யா வரும் என்ற அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து வந்தது கிழக்கிலிருந்து, கடல் வழியாக. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு சேலம் பக்கமும் மற்ற உள்மாவட்டங்களுக்கும் ரயிலேறினார்கள். இத்தனை கோடி கொட்டியும் கிழக்குக் கரையில் காவல் எங்கே என்று கேட்க, முந்தைய இருபது ஆண்டுகளில் சபைக்கு அதிகாரம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கடற்கரை மாவட்டங்களின் உறுப்பினர்கள் வாக்கோடு அமர்ந்த ஒரு சபையில் அந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

1933 முதல் 1935 வரை மத்திய சட்டசபையின் தலைவராக இருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார். ராணுவச் செலவு வாக்கெடுப்புக்கு வராத சபையை நடத்தியவர். 1947 நவம்பர் 26-ல் சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை வைத்தவரும் அவரே. மொத்தச் செலவு 197 கோடியே 39 லட்சம், அதில் பாதுகாப்புக்கு 92 கோடியே 74 லட்சம், ஏறத்தாழ பாதி. பிரிவினை, அகதிகள், காஷ்மீர் என்று காரணங்கள் இருந்தன. வித்தியாசம் தொகையில் இல்லை. இப்போது சபைக்கு மறுக்கும் அதிகாரம் வந்திருந்தது. 1950-ன் அரசியலமைப்பு 113-வது பிரிவில், 67ஏ-யின் அதே மூன்று சொற்களைக் காணலாம்: ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். பாதுகாப்பு விலக்கப்பட்ட பட்டியலில் இல்லை. முப்பது ஆண்டு வாதாடிப் பெற்றது இதுதான்.

பெற்றதை வைத்து என்ன செய்கிறோம்? 2018 மார்ச்சில் மக்களவை எல்லா மானியக் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல், சில நிமிடங்களில் ஒட்டுமொத்தமாக நிறைவேற்றியது. கில்லட்டின் என்று அதற்குப் பெயர். 2023 மார்ச் 23-ல் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் அதே வழியில், கூச்சலுக்கு நடுவே போனது. அதில் பாதுகாப்பின் பங்கு 5.94 லட்சம் கோடி. 2022 ஜூனில் சிப்பாய் சேர்க்கையையே தலைகீழாக மாற்றிய அக்னிபத் திட்டம், நான்காண்டு வேலை, நூற்றுக்கு 25 பேருக்கு மட்டும் நீடிப்பு என்று செய்தியாளர் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது, சபையில் முன்கூட்டிய விவாதம் இல்லை. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. சிற்றூர்ப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடும் மாற்றம் சபையின் வாசலைக்கூட மிதிக்காமல் வந்தது என்பதே என் குறை. 1993 முதல் பாதுகாப்புக்கு நிலைக்குழு இருக்கிறதே, கட்சி பேதமின்றிக் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறதே என்பார்கள். பார்க்கிறது; அதன் அறிக்கைகள் படிக்கத் தக்கவை. ஆனால் அது மூடிய அறையில் கூடுகிறது, அதன் சிபாரிசு அரசைக் கட்டுப்படுத்தாது. 1921-ன் தீர்மானங்களுக்கு இருந்த பலம்தான் அதற்கும். ரகசியம் என்ற வாதத்துக்கும் இங்கே இடமில்லை. படையிடம் போர்க்குண்டுகளின் இருப்பு போதவில்லை என்று 2017-ல் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை நாடாளுமன்றத்திலேயே வைக்கப்பட்டது. நாடு அதனால் விழுந்துவிடவில்லை, குறை தெரிந்தது.

வைஸ்ராய் பூட்டிவைத்த கதவு ஒன்று. சாவி கையில் இருந்தும் நாம் திறக்காத கதவு மற்றொன்று. இரண்டில் பின்னதை நான் கடுமையாகவே பார்க்கிறேன், ஏனென்றால் அதற்குச் சாக்குச் சொல்ல அந்நியர் யாரும் இல்லை. ஆளுங்கட்சி எது என்பது இதில் பொருட்டில்லை. விவாதம் நடக்கவிடாமல் சபையை முடக்கும் எதிர்க்கட்சிக்கும், முடக்கம் வசதியாக இருக்கிறதென்று கில்லட்டினை இறக்கும் அரசுக்கும் பொறுப்பில் சம பங்கு உண்டு.

2025-26-க்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய், அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. 2019-ல் திருச்சியில் அது தொடங்கிவைக்கப்பட்டது. இந்தச் செலவில் எது சேலத்துக்கு வருகிறது, என்ன செய்யப்போகிறார்கள், எந்தப் பகைக்கு எந்த ஆயுதம் என்று கேட்க எங்கள் பக்கத்து மக்களுக்கு முழு உரிமை உண்டு. மேச்சேரி இருக்கும் மேட்டூர் சட்டமன்றத் தொகுதி, தருமபுரி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், தண்ணீரையும் சாலையையும் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்: பாதுகாப்பு மானியக் கோரிக்கை சபைக்கு வரும்போது விவாதம் வேண்டும் என்று எழுந்து நிற்பீர்களா? நின்றாரா இல்லையா என்பது மக்களவை நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும், அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.